தாவர எண்ணெய்ப் பிளாஸ்டிக்: சோதனை அறிக்கையைக் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆமணக்கு எண்ணெய், சோயா எண்ணெய், முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு பிளாஸ்டிக் செய்யும் ஆய்வுகளைப் பற்றி நம் நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. பாலிமர், அதாவது சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பிளாஸ்டிக் போன்ற பொருள்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு இதில் உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் அத்தகைய செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப என் கண்ணில் படுகிறது: ‘தாவர எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது என்பதால் இது மண்ணில் மக்கிவிடும்.’ இந்த வரியில் உள்ள ‘என்பதால்’ என்ற சொல்லுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. அது ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. தூக்கி எறிந்த பிறகு அதற்கு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இதற்கு நைலான் 11 என்ற பொருளைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1940-களில் பிரான்சில் உருவான இது, ரில்சான் என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. இதில் உள்ள கார்பன் முழுவதும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருவது. எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி, கிடைத்த எஸ்டரைக் கடும் வெப்பத்தில் உடைத்தால், 18 கார்பன் கொண்ட சங்கிலி 11 கார்பன் துண்டாகவும் 7 கார்பன் துண்டாகவும் பிரிகிறது. பெரிய துண்டின் ஒரு முனையில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதியை ஏற்றி, அவற்றை ஒன்றோடொன்று கோத்தால் நைலான் 11 கிடைக்கிறது. லாரிகளின் காற்று பிரேக் குழாய்களுக்கும், வாகனங்களின் எரிபொருள் குழாய்களுக்கும், கடலடியிலிருந்து கச்சா எண்ணெய் கொண்டுவரும் நெகிழ்குழாய்களுக்கும் இதைத் தேர்ந்தெடுப்பதே, பல ஆண்டுகள் சிதையாமல் உழைக்கும் என்பதற்காகத்தான். முழுக்க முழுக்கச் செடியில் பிறந்த பொருள். ஆனாலும் மண்ணில் புதைத்தால் அப்படியே கிடக்கும்.

இதற்கு நேர்மாறாக பி.பி.ஏ.டி. என்றொரு பாலிமர் இருக்கிறது. ‘மக்கும் பை’ என்று சான்று பெற்று விற்கப்படும் பைகள் பலவற்றில் இது முக்கியமான பகுதி. இதன் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியம்; இருந்தும் முறையான உரக்கூடத்தில் நுண்ணுயிர்கள் இதைத் தின்று தீர்த்துவிடும். நுண்ணுயிர் எதுவும் மூலப்பொருளின் பூர்விகத்தை விசாரிப்பதில்லை. சங்கிலியில் தன் நொதியால் வெட்டக்கூடிய பிணைப்பு இருக்கிறதா, அந்தப் பிணைப்பை நொதி எட்ட முடிகிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது. வலைபோல நெருக்கமாகப் பின்னப்பட்ட பாலிமருக்குள் நொதி நுழைவது கடினம். தாவர எண்ணெயிலிருந்து நாம் செய்யும் பாலிமர்களில் பெரும்பகுதி இந்த வலைப்பின்னல் வகையைச் சேர்ந்தது.

எண்ணெய் எப்படி வலையாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளச் சோதனைக்கூடத்துக்கு வர வேண்டியதில்லை. புதிய கிரிக்கெட் மட்டைக்குச் சிறுவர்கள் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறார்கள். தச்சரும் மரக்கதவுக்கு அதையே பூசுகிறார். ஒருவரும் தேங்காய் எண்ணெயைப் பூசுவதில்லை. ஆளிவிதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அவை காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று இணைந்து, சில நாள்களில் கெட்டியான படலமாகின்றன. இரட்டைப் பிணைப்புகளின் அளவைச் சொல்லும் அயோடின் எண் ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டித்தான் வரும். அதனால்தான் தேங்காய் எண்ணெய் எத்தனை மாதமானாலும் உலராமல் பிசுபிசுக்கும். இதே ஆளிவிதை எண்ணெயைக் காற்றுபட வைத்துக் கெட்டியாக்கி, தக்கைத் தூளோடும் பிசினோடும் கலந்து தரைவிரிப்பாக்கியவர் இங்கிலாந்தின் பிரெடெரிக் வால்டன். 1860-களில் அவர் உருவாக்கிய அந்த லினோலியம், தாவர எண்ணெயிலிருந்து பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் பாலிமர் பொருள்களில் ஒன்று. ஆக, இன்று நேற்றுத் தோன்றிய துறை அல்ல இது.

ஆமணக்கு எண்ணெயின் தனிச்சிறப்பு வேறு. அதன் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அந்தச் சங்கிலியின் 12-ஆவது கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை இயற்கையே வைத்துக் கொடுத்திருக்கிறது. சோயா எண்ணெயிலோ புங்க எண்ணெயிலோ இது இல்லை. அங்கே முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அசிட்டிக் அல்லது ஃபார்மிக் அமிலமும் சேர்த்து, இரட்டைப் பிணைப்புகளை எப்பாக்சி என்ற மூவணு வளையங்களாக்கி, பிறகு அந்த வளையத்தைத் திறந்து ஹைட்ராக்சிலை உண்டாக்க வேண்டும். ஆமணக்கில் அந்த வேலை மிச்சம். ஹைட்ராக்சிலோடு இணையும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளை எண்ணெயோடு கலந்தால் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் உருவாகத் தொடங்கிவிடும். கல்லூரி ஆய்வுகளில் ஆமணக்கு அடிக்கடி இடம்பெறுவதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எளிமையாகத் தோன்றும் இந்த வேலையில்தான் கவனம் தேவை. முதலில் எண்ணெயில் எவ்வளவு ஹைட்ராக்சில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஹைட்ராக்சில் எண்ணைக் கண்டறிய வேண்டும். பிரிடினில் கரைத்த அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு எண்ணெயைச் சூடாக்கி, மிஞ்சிய அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து அளந்தால் அந்த எண் கிடைக்கும். நல்ல ஆமணக்கு எண்ணெய்க்கு அது 160-ஐ ஒட்டி வரும். அப்படியானால் 100 கிராம் எண்ணெய்க்கு வழக்கமான எம்.டி.ஐ. வகை ஐசோசயனேட் ஏறக்குறைய 38.5 கிராம் வேண்டும். எண் 150 என்று வந்தால் 36 கிராம் போதும். இரண்டரை கிராம்தானே என்று விட்டுவிட முடியாது. கூடினால் தகடு விறைத்து நொறுங்கும் பக்கம் சாயும், குறைந்தால் வினைபடாத எண்ணெய் உள்ளே தங்கிவிடும்.

அடுத்தது ஈரம். ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஒரு கிராம் நீர் முழுமையாக வினைபட்டால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு உண்டாகும். 100 கிராம் எண்ணெயில் கால் கிராம் ஈரம் இருந்தாலும் 300 மில்லிலிட்டரைத் தாண்டும். ஆகவே எண்ணெயைச் சூடாக்கி, வெற்றிட பம்பு வைத்து, நுரை அடங்கும் வரை ஈரத்தை இழுத்து எடுத்த பிறகுதான் கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் அவசரப்பட்டு வார்த்த தகடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் உள்ளே கடுகு கடுகாகக் குமிழ்கள் தெரியும். அந்தத் தகட்டிலிருந்து, நடுவில் ஒடுங்கிய டம்பெல் வடிவத் துண்டுகளை வெட்டி, இழுவைப் பொறியின் இரு தாடைகளிலும் கவ்வ வைத்து இழுத்தால், துண்டு பொருளின் வலிமைக்கேற்ப அறுவதில்லை. எந்தக் குமிழ் பெரியதோ அந்த இடத்தில் அறுகிறது. ஐந்து துண்டுகளை இழுத்து, ஐந்தும் ஐந்து விதமாக வந்த பிறகு, சராசரியை மட்டும் அறிக்கையில் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஐந்து எண்களையும் எழுத வேண்டும் என்றுதான் என்னிடம் வேலை கற்றவர்களுக்கு எப்போதும் சொல்லிவந்தேன்.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசும் நானும் தவறியிருக்கிறேன். சிறிய பட்டறை ஒன்றை நடத்திவந்த ஒருவர், காலணியின் உள்ளடுக்குக்கென ஆமணக்குப் பாலியூரித்தேன் தகடுகளைச் செய்து சோதனைக்குக் கொண்டுவந்தார். கடினத்தன்மையும் இழுவை வலிமையும் அவர் கேட்ட அளவுக்குள் வந்தன. நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நான்கு மாதங்கள் கழித்து அவர் திரும்பவும் வந்தபோது, ஒரு தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மேசையில் வைத்துப் பிரித்தார். தாள் எண்ணெய் ஊறி, மறுபக்க எழுத்துகள் தெரியும் அளவுக்கு ஒளி புகுவதாகிவிட்டிருந்தது. தகட்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடைபோட்டு, மூன்று நாள் டொலுவின் என்ற கரைப்பானில் ஊறவைத்து, உலர்த்தி மறுபடி எடைபோட்டேன். எடையில் எட்டில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. அவ்வளவும் வலையில் சேராமல் சும்மா தங்கியிருந்த எண்ணெய். புதிய பீப்பாய் எண்ணெய்க்கும் பழைய பீப்பாயின் கணக்கையே அவர் பயன்படுத்தியிருந்தார். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் தடவையே இந்த டொலுவின் சோதனையைச் செய்ய வேண்டியவன் நான். கேட்கவில்லை என்ற காரணத்தால் செய்யாமல் விட்டேன். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய சரக்கின் நட்டம் அவர் தலையில் விழுந்தது. அன்று முதல், எண்ணெய் வழிப் பாலிமர் எது வந்தாலும், வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தச் சோதனையைச் செய்யாமல் நான் அறிக்கை கொடுத்ததில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையும், துல்லியமான தராசும், நச்சு ஆவியை வெளியேற்றும் புகைக்கூண்டும் இருந்தால் போதும். எந்தக் கல்லூரியிலும் செய்யலாம்.

சோதனை எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் நடந்தது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். உலக அளவில் வழக்கமான சூழல் 23 பாகை செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதம். வெப்பமண்டல நாடுகளுக்கென 27 பாகை, 65 விழுக்காடு என்ற சூழலையும் சர்வதேசத் தரநிலை அனுமதிக்கிறது. நம் ஊர்ப் பயன்பாட்டுக்கான பொருளை நம் காற்றுக்கு நெருக்கமான சூழலில் சோதிப்பதுதானே முறை?

இனி, மக்குவதற்கு வருகிறேன். ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று ஒன்றைச் சொல்ல நம் நாட்டில் ஐ.எஸ். 17088 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி, பொருளை உரத்தோடு கலந்து, 58 பாகை வெப்பத்தில் வைத்து, அதிலிருந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடை நாள்தோறும் அளக்க வேண்டும். அதிகபட்சம் 180 நாள்களுக்குள் பொருளின் கார்பனில் 90 விழுக்காடு வாயுவாக மாறியிருக்க வேண்டும். இதைத் தவிர, 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் துண்டுகள் தங்கக்கூடாது. அந்த உரத்தில் விதைத்த பயிர் நன்றாக முளைக்க வேண்டும். கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். மண்ணில் புதைத்து ஒரு மாதம் கழித்து எடுத்தபோது எடை 4 விழுக்காடு குறைந்தது என்று எழுதிவிட்டு ‘மக்கும்’ என்று முடிவுகட்டும் ஆய்வறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த 4 விழுக்காடு, மேலே நான் சொன்ன, வலையில் சேராத எண்ணெயாகவே இருக்கலாம். எண்ணெய் கசிந்து போனதை நுண்ணுயிர் தின்றதாகக் கணக்கில் எழுதக்கூடாது.

58 பாகை என்ற அந்த எண்ணையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். காற்றும் ஈரமும் சீராகக் கொடுத்து நடத்தும் பெரிய உரக்கூடத்தின் குவியலில்தான் அந்தச் சூடு பல வாரங்கள் நிலைக்கும். வீட்டுத் தோட்டத்துக் குழியிலோ சாக்கடையிலோ கண்மாய்க் கரையிலோ அது கிடைக்காது. தேர்ச்சி பெற்ற பை என்றாலும் தெருவில் வீசினால் நெடுநாள் கிடக்கவே செய்யும். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மக்கும் பை தயாரிப்பவர் விற்பனைக்கு முன்பு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றைப் பெற வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு, ‘தாவரப் பிளாஸ்டிக்’ என்ற பெயரை மாற்றுவழியாகப் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை வீணாகிவிடக்கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

‘தாவர’ என்ற அடைமொழியைக்கூட அளந்து சரிபார்க்க முடியும். நேற்று வளர்ந்த செடியில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் சிறிதளவு இருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்கடியில் கிடந்த பெட்ரோலியத்தில் அது முற்றிலும் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே ஒரு பொருளில் உள்ள கார்பன் 14-ஐ அளந்தால், அதன் கார்பனில் எத்தனை விழுக்காடு செடியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். மேலே நான் கொடுத்த கணக்கின்படி, 100 கிராம் ஆமணக்கு எண்ணெயில் 38.5 கிராம் ஐசோசயனேட் சேர்ந்த தகட்டில், எடையில் ஏறக்குறைய 72 விழுக்காடுதான் எண்ணெய்; மீதி பெட்ரோலியத்திலிருந்து வந்தது. ‘72 விழுக்காடு தாவரம்’ என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. அது நல்ல எண். ‘முழுக்க இயற்கையானது’ என்று எழுதும்போதுதான் பொய்யாகிறது. அப்படி எழுதுவதில் ஆபத்தும் உண்டு. ஐசோசயனேட்டின் ஆவியை மூச்சில் இழுப்பவருக்கு நாள்பட ஆஸ்துமா வரலாம். ‘விளக்கெண்ணெய்தானே’ என்ற எண்ணத்தில் புகைக்கூண்டு இல்லாத அறையில் மாணவர்கள் அதைக் கலப்பதை நேரில் பார்த்து, கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தாவர எண்ணெய்ப் பாலிமருக்கு நான் எதிரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதன் உண்மையான பெருமை மக்குவதில் இல்லை, உழைப்பதில் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆமணக்குப் பாலியூரித்தேன் தண்ணீரை அண்டவிடாது. மின்கம்பி இணைப்புகளுக்குள் ஊற்றி அடைக்கும் நிரப்பியாக அது நன்றாக வேலை செய்வது இந்தக் குணத்தால்தான். முந்திரி ஓட்டு எண்ணெயைச் சூடாக்கிப் பிரித்தெடுக்கும் கார்டனால், வாகனங்களின் பிரேக் லைனிங்கில் வெப்பத்தைத் தாங்கி உழைக்கிறது. பெட்ரோலியத்துக்குப் பதிலாக, ஆண்டுதோறும் விளையும் ஒன்றிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிலைக்கும் பொருளைச் செய்வதே பெரிய காரியம். அதை ஒரு நாள் தூக்கிச் செல்லும் பையாக்கி, மக்கும் என்று பொய் சொல்லி விற்கத் தேவையே இல்லை.

இதில் நம் உழவர்களுக்கும் பங்கு இருக்கிறது. உலக ஆமணக்கு விளைச்சலில் மிகப் பெரும்பகுதி இந்தியாவினுடையது. அதில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கொட்டைமுத்து எனப்படும் ஆமணக்கு நெடுங்காலமாக இருக்கிறது. நிலக்கடலைக்கும் மஞ்சளுக்கும் வரப்புப் பயிராகவும் போடுகிறார்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நம் விதையில் பிழிந்த எண்ணெயின் ஹைட்ராக்சில் எண்ணும் ஈரமும் அமில எண்ணும் பீப்பாய்க்குப் பீப்பாய் அளந்து எழுதப்பட்டால், வாங்கும் ஆலைக்காரர் நம்பி வாங்குவார். விளக்குக்கும் மருந்துக்கும் போன எண்ணெய் பாலிமருக்குப் போவதற்கு அந்தச் சீட்டுதான் வழி.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இது: இனி இத்தகைய கண்டுபிடிப்பு பற்றிச் செய்தி வெளியிடும்போது, ‘மக்கும்’ என்ற சொல்லைப் போடுவதற்கு முன்பு, எந்தத் தரநிலைப்படி, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் என்று செய்தியாளர் ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் இல்லையென்றால் ‘தாவர எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பேராசிரியர்கள் மாணவர்களுக்குச் சராசரியோடு நின்றுவிடாமல் தனித்தனி அளவுகளையும், டொலுவினில் கரைந்த பங்கையும் எழுதச் சொல்லித்தர வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் மக்கும் பை வாங்கும்போது வாரியத்தின் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிப்பெட் போன்ற, பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசின் நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சிறு பட்டறைக்காரரும் எட்டும் கட்டணத்தில் இந்தச் சோதனைகளை நடத்தித்தர மாநில அரசு உதவினால், எனக்கு நேர்ந்ததுபோல இன்னொரு சோதனையாளருக்கும், அந்தப் பட்டறைக்காரருக்கு நேர்ந்ததுபோல இன்னொருவருக்கும் நேராது.

வீட்டுக் கொல்லையில் தென்னை மரத்தடியில் மூன்று துண்டுகளை எடைபோட்டு, நைலான் வலைப் பைகளில் இட்டு ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறேன்: நைலான் 11 குழாயில் அறுத்த வளையம் ஒன்று, என் கையால் வார்த்த ஆமணக்குப் பாலியூரித்தேன் பட்டை ஒன்று, சான்று பெற்ற மக்கும் பையிலிருந்து வெட்டிய சதுரம் ஒன்று. ஆமணக்குப் பட்டையை முன்கூட்டியே டொலுவினில் ஊறவைத்து உலர்த்திவிட்டேன்; இனி எடை குறைந்தால் கசிந்த எண்ணெயைக் காரணம் சொல்ல முடியாது. வீட்டுக் கொல்லையில் நடப்பது தரநிலைச் சோதனைக்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும், வருகிற தை மாதம் தோண்டி எடுத்து, கழுவி, உலர்த்தி, மூன்றின் எடையையும் தங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பாலிமர் சோதனைக்கூடப் பணியாளர்,
சேலம்.